முதலாளி இல்லாத இருவரின் ஜனவரி

சுகுணா போய்விட்டார். நேற்று மாலை, ரண்டர்ஸ் நகரில். கணவர் பாலன் போனில் சொன்னார்.

அவரைத் தெரியாதவர்களுக்காக... டென்மார்க்கில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் டெனிஷுமாகக் கதைப் புத்தகங்கள் எழுதியவர். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கக்கூடும்.

எனக்கு அவர் என்ன உறவு என்று கேட்டால், சக தொழிலாளி என்பதே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருவரும் எவருக்கும் கீழே இல்லாமல், சொந்தமாக எழுத்து வேலை செய்தவர்கள். அவர் ரண்டர்ஸில், நான் ஹொல்ஸ்டெப்ரோவில்.

பென்ஷன் எடுத்த பிறகுதான் நான் இந்தத் தொழிலைப் பதிவு செய்தேன். அரங்கேற்ற மலர், கோயில் மலர், கலியாண அழைப்பிதழ்... எல்லாவற்றையும் விட நினைவு மலர்கள். ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்க அவர் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடிப்போம் அல்லவா, அது.

போன் வரும். எந்த வேலைக்கும் நான் ஓம், சரி என்பேன். வருடம் முடிந்துவிடும்.

ஒருநாள் சுகுணா கூப்பிட்டுக் கேட்டார், "அண்ணை, உங்களுக்கு ஆர் மூஸ் வைக்கிறது?"

இங்கே வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். வருடத்துக்கு ஒருமுறை மேலதிகாரி எங்களைத் தனியே இருத்தி, காப்பி ஊற்றித் தந்து, இனி என்ன செய்ய விருப்பம், எந்தப் பக்கம் போக விருப்பம் என்று கேட்பார். அந்தப் பேச்சுக்கு டெனிஷில் மூஸ் என்று பெயர்.

"முதலாளியும் நீங்கள்தான், தொழிலாளியும் நீங்கள்தான். ரெண்டு பேரும் எப்பவாவது ஒரு மேசையிலை இருந்து கதைச்சிருக்கினமோ?"

இல்லை என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் ரண்டர்ஸ் நூலகத்துக் காப்பிக் கடையில் சந்தித்தோம். முதலில் அவர் எனக்கு மேலதிகாரி. பிறகு நான் அவருக்கு.

"இந்த வருசம் என்ன எழுதப் போறியள்?"

"வாறதை எழுதுவன், தங்கச்சி."

"வாறதை எல்லாம் வாங்கி வைக்கிறதுக்கு நீங்கள் என்ன தபால் பெட்டியோ?"

பிறகு என் முறை வந்தது. "முதலாளி மாதிரிக் கேளுங்கோ அண்ணை," என்றார். நான் யோசித்து, "உமக்கு... காப்பி இன்னும் கொஞ்சம் வேணுமோ?" என்றேன். பக்கத்து மேசை டெனிஷ்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு, நான் கேட்காத கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். "கொம்யூன் துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்க்கிறதை விடப் போறன். பிள்ளையளுக்குக் கதை எழுதப் போறன்."

எனக்குப் பயமாக இருந்தது. கொம்யூன், அதாவது நகரசபை, தருகிற நிச்சயமான வேலையை விடுவதா என்று. அடுத்த ஜனவரியில் முதல் புத்தகத்தைக் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சொந்தமாக எழுதுகிற நண்பர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நன்றாக எழுதுகிறாய் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க எவரும் இல்லை. கேட்காவிட்டால், வருகிற வேலையே வழியாகிவிடுகிறது... என் அனுபவம் மட்டும்தான். பிழையாகவும் இருக்கலாம்.

எனக்கும் போக ஒரு இடம் இருந்தது. மேற்கு யூலாந்துக் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்த எங்கள் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம். என் மனைவி அங்கே நின்றவர். வந்த புதிதில் சுகுணாவும் நின்றவர்.

அதை வெளியே சொல்லவே எனக்குப் பல ஜனவரிகள் எடுத்தன. "நான் எழுதி ஆர் வாசிக்கிறது?" என்று உடனே சேர்த்தும் சொன்னேன்.

"அந்த மனிசியள் வாசிப்பினம். அவை உயிரோடை இருக்கேக்கை எழுதுங்கோ."

கடைசியாகச் சந்தித்த ஜனவரியில் மிகவும் மெலிந்திருந்தார். நோயைப் பற்றிக் கதைக்க விடவில்லை. மேலதிகாரியாக உத்தரவு மட்டும் போட்டார். புத்தகம் முடியும்வரை நினைவு மலர் ஒன்றும் எடுக்கக் கூடாது.

"ஆரும் செத்தால்?"

"செத்தவை பொறுப்பினம் அண்ணை. அவைக்கென்ன அவசரம்?"

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

நேற்றுப் பாலன் சொல்லி முடித்ததும், அவர் கேட்கும் முன்னரே நான் சொன்னேன். "மலரை நான் எழுதித் தாறன், பாலன்."

பாலன் உடனே மறுத்தார்.

"வேண்டாம் அண்ணை. அவ சொல்லிப்போட்டுத்தான் போனவ. அண்ணையிட்டைக் கேக்காதேங்கோ, அவர் ஓம் எண்டிடுவார், பிறகு புத்தகம் நிண்டிடும் எண்டு. மலரை மகள் டெனிஷிலை எழுதுறாள்."

"ஒரு பக்கம் எண்டாலும்..."

"ஒரு பக்கமும் வேண்டாமாம். நீங்கள் அப்பிடிக் கேப்பியள் எண்டும் சொன்னவ."

மற்றவர்களுக்கு எத்தனையோ மலர்கள் எழுதிய கை. சுகுணாவுக்கு எழுத அனுமதி இல்லை.

இந்தப் பதிவு அந்தத் தடைக்குள் அடங்குமா என்று தெரியவில்லை. கேட்கவும் இப்போது ஆள் இல்லை. இதை இத்துடன் நிறுத்துகிறேன். புத்தகத்தில் இரவு ஷிப்ட் பற்றிய அத்தியாயம் பாதியில் நிற்கிறது, அதற்குத் திரும்ப வேண்டும்.

போயிட்டு வாரும், தங்கச்சி.