மாஸ்டரிடம் போன கசெட்

ஜெனிற்றாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான். லுக் என்கிறவன் இல்லை. ஆறு வருடமாக அவள் லுக்கைத் திட்டினாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் வாசித்தாலும் சரி, மூடிவைத்தாலும் சரி.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவன் நான். அப்போதும் அதே வேலைதான். ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் டவுன்டவுனில் ஒரு நிலவறைக் கிளப்பில் கீபோர்ட் வாசிப்பேன். கோத் கிளப். கறுப்பு உடுத்தி, கண்ணைச் சுற்றி மை அப்பி, சாவைப் பற்றிய பாட்டுகளைக் கேட்டு ஆட வருகிறவர்களின் இடம்.

சிரிக்காதீர்கள். இந்த நகரத்தில் என்னை மனிதனாக நடத்திய முதல் இடம் அதுதான். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம், இருமிக்கொண்டே புகை விடும் அந்தப் பழைய இயந்திரம், கோட்டு வாங்கி மாட்டுகிற ஆறடி மனிதன்... அவன் லேஸ் கையுறை போட்டிருப்பான். ஜெனிற்றாவை உட்காரவைத்து அவனே கண்ணுக்கு மை தீட்டிவிடுவான். முதல் நாள் அவள் என் காதில் சொன்னாள்:

"எங்கட ஆக்கள் செத்த வீட்டுக்கும் இவ்வளவு கறுப்பு உடுக்கமாட்டினம்டா."

ஞாயிறு ஆறு மணிக்கு 'கவர்' பாடும் நேரம். விதி ஒன்றுதான். சொந்தப் பாட்டுப் பாடக்கூடாது. இன்னொருவரின் பாட்டை எடுத்து உன் குரலில் பாட வேண்டும். ஜெனிற்றா பாடுவாள், நான் வாசிப்பேன். ஒரு வருடம் எல்லாரும் பாடுகிற இங்கிலிஷ் பாட்டுகளையே பாடினோம். கை தட்டினார்கள், மறந்தார்கள்.

பிறகு ஒரு நவம்பரில் அவள் சொன்னாள்: "வேற ஆரின்ரயும் பாட்டுத்தானே பாடோணும்? நான் அப்பான்ர பாட்டைப் பாடப்போறன்."

எனக்கு விளங்கிவிட்டது. அவளுடைய அப்பாவை மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் தவக்காலத்து ஒப்பாரியை அவர்தான் முன்னின்று பாடுவார். செத்த மகனை மடியில் கிடத்தி மரியாள் அழுகிற ஒப்பாரி. அதைத் தவக்காலத்தில் மட்டும்தான் பாடலாம். வாத்தியம் சேர்க்கக் கூடாது. மற்ற நாளில் பாடினால் பாடினவரின் வீட்டில் சாவு விழும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

"இப்ப தவக்காலம் இல்லையே," என்றேன்.

"இவங்களுக்கு வருசம் முழுக்கத் தவக்காலம்தானேடா."

செத்துப்போன தாய் பெரிய வெள்ளிக்கு உடுத்தும் கறுப்புச் சேலையை உடுத்திக்கொண்டு அவள் மேடையில் ஏறினாள். நான் கீழ்ச்சுரம் ஒன்றை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தேன். என் டேப் ரெக்கார்டர் கீபோர்டின் மேலே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பாட்டுகள் எல்லாவற்றையும் நான் பதிவது வழக்கம்.

அவள் முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு சொல்லும் புரியாத அந்தப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கோட்டு மாட்டுகிறவனின் மை கன்னத்தில் வழிந்திருந்தது. பிறகுதான் தட்டினார்கள்... அப்படி ஒரு தட்டல். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

லுக் அங்கே பாட்டுப் போடுகிறவன், சொந்தமாக ஒரு இசைக்குழுவும் வைத்திருந்தான். நல்லவன். பதிவின் பிரதி ஒன்று கேட்டான், கொடுத்தேன். அடுத்த நாள் ஜெனிற்றா போன் எடுத்தாள்.

"லுக்கின்ர பாண்டில என்னைப் பாடக் கேக்கிறாங்கள். அவங்களிட்டக் கீபோர்ட்காரன் இருக்கிறானாம்... நீ குறை நினைக்காத, என்ன?"

"நல்லதுதானே," என்றேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாஸ்டரைக் கோயில் வாசலில் பிடித்தேன்.

"மாஸ்டர், இதை ஒருக்காக் கேளுங்கோ. ஜெனிற்றா ஒரு கிளப்பில பாடினது. உங்கட பாட்டு. எனக்கு மனசு கேக்கேல்ல, அதுதான்..."

கசெட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "கிளப்பிலயோ?"

"ஓம். நான் தந்தது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன் தம்பி."

மனசு கேட்கவில்லையாம். எவ்வளவு பெரிய பொய்! என் மனசு நன்றாகவே கேட்டது. அவள் பாடக்கூடாது, நான் இல்லாமல் பாடவே கூடாது... அதுதான் கேட்டது. நானும்தானே வாசித்தேன்? அதை மாஸ்டரிடம் சொன்னேனா? இல்லை.

அவர் அவளை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். தாயின் சேலையை அவளே வைத்துக்கொள்ளட்டும், இனி அது இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்னாராம். அவளுக்கு வேறு யாரும் இல்லை. அவருக்கும் இல்லை. அவள் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு அறை எடுத்தாள். பெட்டிகளை மஞ்சள் பாதை மெட்ரோவில் அவளோடு சுமந்துபோனது யார்? நான்.

"கசெட் உன்னட்டயும் லுக்கிட்டயும்தான் இருந்தது," என்றாள் வழியில். "நீ குடுத்தனியா?"

"விசரே உனக்கு?"

நம்பினாள். லுக்கை எல்லார் முன்னாலும் கிழித்துவிட்டு வந்தாள். அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அதன்பிறகு அவள் பாடவில்லை. பாண்டிலும் இல்லை, கோயிலிலும் இல்லை. ஆறு வருடம் தகப்பனும் மகளும் ஒரே நகரத்தில் ஆற்றின் இரண்டு கரையில் இருந்தார்கள். "நீ மட்டும்தான்டா என்னோட நிண்டனி" என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்...

கிளப்பும் மூடிவிட்டது. அந்தக் கதவைத் தாண்டி இப்போதும் சில நாள் நடக்கிறேன்.

இந்த ஜனவரியில் மாஸ்டர் இறந்தார். போன கிழமை ஜெனிற்றா போன் எடுத்தாள்.

"அப்பான்ர பெட்டிக்குள்ள அந்தக் கசெட் கிடந்தது. தேஞ்சுபோச்சு. பாட்டு அரைவாசி விளங்குதில்ல... எத்தனை தரம் போட்டுக் கேட்டிருப்பார், சொல்லு?"

கேட்டாரே, ஆறு வருடம் கேட்டாரே, ஒரு தரம் அவளைக் கூப்பிட்டாரா அந்த மனிதர்? எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு நினைவு வந்தது... எனக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றியிருக்கிறார்.

"கடைசியில உன்ர குரலும் கிடக்குடா. 'நல்லாப் பாடினாய் ஜெனி' எண்டு சொல்லுறாய். அது மட்டும் தெளிவாக் கேக்குது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"லுக்கை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். அவன் குடுத்தபடியாத்தானே அப்பா என்ர பாட்டைக் கேட்டவர். அவனிட்ட மன்னிப்புக் கேக்கோணும். நம்பர் எடுத்துத் தாறியா?"

"பாக்கிறன்," என்றேன்.

"பேந்து மறந்துபோகாத. பெரிய வெள்ளிக்கு அப்பான்ர இடத்தில என்னைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கினம். அவனையும் கூப்பிடப்போறன். நீ கோயில்ல முன் வாங்கில இருக்கோணும், சரியே?"

"ஓம்," என்றேன்.

பெரிய வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள். இதை உங்களிடம் சொல்ல முடிகிறது, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

லுக்கின் நம்பர் என் போனில்தான் இருக்கிறது. எப்போதும் இருந்தது.