குனோங் ராபாட் பின்வாசலில் பறவைகளுக்குப் பெரட்டு

காது போவதற்கு முன் பறவைகளின் குரலைப் படித்துவிட வேண்டும் என்று ஒருவன் ஈப்போவுக்கு ரயில் ஏறினால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நானும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்தேன். இருந்தாலும் ஏறிவிட்டேன்.

கிள்ளானில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரக் கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வருடம் காதைச் சோதித்தார்கள். ஒரு பெண் என்னைச் சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நடுவில் வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மெஷின் பழுதோ என்று கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன, கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். மனைவி மலரிடம்கூடச் சொல்லவில்லை. ஐம்பத்தொரு வயதில் காதில் கருவியோடு கல்யாண வீட்டுக்குப் போவதை நினைத்தாலே கூசியது.

போகப்போகும் சத்தங்களில் முதலில் போவது பறவைகள்தான் என்று எங்கோ படித்தேன். என் மச்சான் செல்வம், மலரின் அண்ணன், இரண்டு வருடமாகப் போனில் பறவைக் கதையாகவே சொல்லிக்கொண்டிருப்பான். ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறான், வயதில் எனக்குச் சமம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அவனுக்கு வேலை இல்லை. "வாரேன் மச்சான், எனக்கும் படிச்சுக் குடு" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை.

வியாழன் மதியம் 2.10க்கு கோலாலம்பூரில் ரயில். டிக்கெட் 36 வெள்ளி, அதாவது ரிங்கிட், பயண நேரம் இரண்டரை மணி. இடது பக்க ஜன்னலோ வலது பக்கமோ, கம்பார் தாண்டியதும் மலைகள் வர ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பு மலைகள் சமவெளியில் திடீர் திடீரென்று நிற்கும். அன்று தூறல். மலைகளின் அடியெல்லாம் மேகத்துக்குள் போய், தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. நான் பாதித் தூக்கத்தில் பார்த்ததால் அப்படித் தெரிந்ததோ என்னவோ. ஈப்போ நிலையத்திலிருந்து குனோங் ராபாட் ஏழு கிலோமீட்டர், வாடகைக் கார் 11 வெள்ளி.

செல்வத்தின் வீடு வரிசை வீடுகளில் கடைசி. அதனால் பின்வாசலில் பதினைந்தடி அகலத்துக்குக் கொஞ்சம் மண் கிடைத்திருக்கிறது. ஒரு செரிப்பழ மரம், ஒரு முருங்கை, இரண்டு வாழை, துணி காயப்போடும் கம்பி, அதற்குப் பின்னால் சாக்கடை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் மலை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது உண்மை.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் தேநீரும் ஒரு பள்ளிக்கூட நோட்டும் கொடுத்தான். விடியவில்லை. மலை ஒரு கறுப்புச் சுவராக நின்றது.

"பெரட்டு ஆரம்பிக்கப் போவுது. பேசாம ஒக்காரு" என்றான்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. செல்வம் பத்து வயது வரை சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பறவைகளின் குரலை அவன் மனதில் வைத்துக்கொள்வது இந்த முறையில்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பேர். குரல் கொடுத்தால் நோட்டில் பேர் போட்டு, நேரம் எழுதுவான். விடிவதற்கு முன்பே எல்லாரையும் எழுப்பும் குயில், கங்காணி. ஒரே இரும்பைத் தட்டிக்கொண்டே இருக்கும் குக்குறுவான், ஒர்க்‌ஷாப்பு. வாய் ஓயாத கொண்டைக்குருவி, பேச்சி. மஞ்சள் சட்டை போட்ட மாங்குயில், மைனர். வாழைக்குப் பின்னால் அடித்தொண்டையில் பேசும் புறா, பெரியவர். செரி மரத்தின் உச்சிக்கு வரும் கட்டைவிரல் அளவுப் பூக்கொத்தி, முதுகெல்லாம் சிவப்பு, அதன் பேர் சின்னப்பொண்ணு.

நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டிருந்தான், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "ஒரே சட்டந்தான் மச்சான். பாத்ததுக்குப் பேர் கெடையாது. கேட்டதுக்குத்தான் பேர்."

6.48க்குக் கங்காணி கூப்பிட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து, முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது விசித்திரமான சுகம். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். பத்து நிமிடம் கழித்துப் பேச்சி தனியாகப் பிரிந்து வந்தாள், பிறகு மைனர். மலையின் விளிம்பில் வெளிச்சம் கசிந்து இலைகள் ஒவ்வொன்றாக உருவம் எடுத்தன. நான் எங்கே இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

7.05க்குச் செல்வம் என் தொடையைத் தட்டி மரத்தின் உச்சியைக் காட்டினான். சின்னப்பொண்ணு. சிவப்பு முதுகு, துளியூண்டு உடம்பு. தலையைத் தூக்கிக் கத்தினாள். அலகு திறந்து மூடுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. டிவியில் ஒலியை அமுக்கிவிட்டது மாதிரி இருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சொல்லிப் பேர் போட்டேன்.

சனிக்கிழமை ஐந்து பேரை வேகமாகப் பிடித்தேன். சின்னப்பொண்ணுக்கு 7.02 என்று நானாக ஒரு நேரம் எழுதினேன். எப்படியும் வந்திருப்பாள் என்ற தைரியம்தான்.

அன்று எட்டு மணிக்கு அவன் வேனில் கோலா கங்சார் கிளம்பினோம். பழைய சாலையில் 54 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பெட்ரோலுக்கு 20 வெள்ளி. பசியாறுவதற்கு ஒரு கடை வரிசையில் நிறுத்தினோம். இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரே தேநீர், 7 வெள்ளி 60 காசு. வேனிலிருந்து இறங்கியதுமே தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான பறவைகள் கீச்சுக்கீச்சென்று கத்துவது கேட்டது. அத்தனையும் மெல்லிய குரல்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காது போய்விட்டது என்று யார் சொன்னது, அந்தப் பெண்ணின் மெஷின்தான் பழுது. போனை உயர்த்திப் பிடித்து மூன்று நிமிடம் பதிவு செய்தேன்.

மேசை துடைக்க வந்த கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, என்னா பிடிக்கிறீங்க?"

"பறவைச் சத்தம்."

"அடக் கடவுளே, அது ஸ்பீக்கர்லா! மேல்மாடியில கூட்டுக்குருவி வளக்கிறாங்க, கூட்ட சூப்புக்கு விக்க. குருவிய வரவைக்க நாள் பூராவும் கேசட்டு போடுவாங்க. எங்களுக்குத் தலைவலி, நீங்க ரெக்கார்டு பண்ணுறீங்க."

செல்வம் தேநீர் புரையேறும் வரை சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த அளவுக்கு ஒலிபெருக்கியை ஏற்றினால் எனக்கும் கேட்கத்தானே செய்யும். போனில் இருந்ததை அழித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் 15 கிலோமீட்டரில் இடது பக்கம் செம்மண் பாதை. அதில் மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் செல்வத்தின் பழைய தோட்டம். இப்போது பெரும்பாலும் எண்ணெய்ப்பனை. கோயிலுக்குப் பின்னால் மட்டும் இரண்டு நிரை ரப்பர் மரம் மிச்சம் இருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "எந்த லயத்து வீடு தம்பி?" என்று செல்வத்தைக் கேட்டார்.

"மூணாவது, அக்கா."

"அதுலதான் இப்ப என் ஆட்டுக் கொட்டாய் இருக்கு. போயி பாரு, நாத்தம் தாங்காது" என்றார். அவன் போகவில்லை.

கோயில் மண்டபத்துத் தரை சில்லென்றிருந்தது. கீழே படுத்தோம். செம்போத்துப் பறவை எங்கோ ஆழத்திலிருந்து ஊப், ஊப் என்றது. வெயில் ஏற ஏற ரப்பர்க் கொட்டைகள் மரத்திலேயே டப்பென்று வெடித்துத் தகரக் கூரையில் விழுந்தன. எல்லாம் எனக்குக் கேட்கும் சத்தங்கள். அந்த நிம்மதியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நான் பெரட்டில் நின்றேன். எனக்கு முன்னால் பேச்சி, பின்னால் மைனர், எல்லாரும் மனிதர்களாகவும் பறவைகளாகவும் இருந்தார்கள். பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். என் பேரையும் கூப்பிட்டார்கள், கூப்பிட்டவரின் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள். விழித்து எழுந்து உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலையும் உட்கார்ந்தோம். நல்ல பனி, மலை இருந்த இடமே தெரியவில்லை. ஆறு பேரில் ஆறுக்கும் பேர் போட்டேன். சின்னப்பொண்ணு, 6.58. தேநீர் ஆறுவதற்குள் செல்வம் நோட்டை வாங்கி இரண்டு பத்தியையும் ஒப்பிட்டான். அவன் விரல் கடைசி வரியில் நின்றது.

"மச்சான், சின்னப்பொண்ணு ரெண்டு நாளா வரவே இல்ல."

நான் வாழை மரத்தைப் பார்த்தேன்.

"பொய்ப் பேர் போட்டா தோட்டத்துல சீட்டைக் கிழிச்சிருவாங்க தெரியுமா?" என்றான், சிரிக்காமல். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கெழமையும் கேக்கல, இல்ல?"

அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதில் வரைந்திருந்த என் கேள்திறன் கோட்டைப் பார்த்தான். வலது பக்கம், கூர்மையான சத்தங்களுக்குப் போகப் போக அது சரிந்து இறங்கியிருந்தது.

"மலருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும்லா. போன் எடுத்தா வார்த்தைக்கு வார்த்தை என்னா, என்னாங்கற. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே திணித்தான். "கண்ணாடி போட்டிருக்கியே, அதுக்கு இல்லாத வெக்கம் இதுக்கு என்னா? போயி மாட்டு மச்சான். நோட்டுல அந்த வரிய காலியாவே வெச்சிருக்கேன்." சொன்னபடி என் மூன்று பொய்ப் பேரையும் ரப்பரால் அழித்தான்.

அன்று மாலை ரயிலில் திரும்பி, சாப்பாட்டு மேசையில் மலரிடம் தாளை வைத்தேன். அவள் படித்தாள். "பின்னாலேருந்து நான் கூப்பிட்டா நீங்க திரும்பவே மாட்டீங்க. எம் மேல என்னமோ கோவம்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் நான் என் ஒருவனுக்காக மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். தனியாகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஈப்போவில் மலையடிக் குடியிருப்பு எதிலும் ஒரு செரி மரம் போதும். 6.40க்கு உட்கார்ந்துவிடுங்கள், 7.30க்கு மேல் மோட்டார்ச் சத்தம்தான் மிச்சம். முதல் நாள் மூன்று குரலுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். உங்களுக்குப் பிடித்த பட்டப்பேரை வையுங்கள், புத்தகப் பேர் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம், அது பாவம், அலைந்துபோகும். முழுக்கைச் சட்டை கட்டாயம், சாக்கடைக் கொசு பொல்லாதது. நான்கு நாளுக்கும் சேர்த்து எனக்கு 150 வெள்ளிக்குள்தான் ஆனது, தங்கியதும் சாப்பிட்டதும் மச்சான் வீடு. இன்னொன்று, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்லுங்கள்.

கருவி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தத்துக்கே பயந்து கழற்றி வைத்தேன். நேற்றுக் காலை கிள்ளானில் எங்கள் சமையலறைப் பின்வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் செரி மரத்திலிருந்து ஊசி நுனியால் கண்ணாடியைத் தொட்டது மாதிரி ஒரு சத்தம், டிக், டிக், டிக். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றேன். மரத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மலர் உள்ளேயிருந்து, "அது தெனமும்தான் கத்தும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் செல்வத்துக்குச் செய்தி அனுப்பினேன். சின்னப்பொண்ணு, கிள்ளான், 7.09.

"பாத்தியா, கேட்டியா?" என்று கேட்டான்.

"கேட்டேன்."

பதில் வந்தது. "பேர் போட்டாச்சு."