நாற்பத்தெட்டு கிலோவும் ஒரு வாஷரும்

என் வீட்டுக்காரர் வீரையனுக்கு யாரையும் நம்பத் தெரியாது. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை வீட்டுக்குள் கொண்டுபோய் மறுபடி அளப்பார். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை எதிர்க்கடையில் காட்டி, இதுதானா என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னை நம்பியிருக்கிறாரா என்றால், அதையும் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் குத்தகை சாகுபடி. ஒரு வருஷம் நெல் எடுக்க வந்த வியாபாரி எடையில் கை வைத்துவிட்டான். அதிலிருந்து எந்தத் தராசைப் பார்த்தாலும் இவருக்கு ஆகாது. பழைய சாமான் கடையில் தேடி ஓர் இரும்பு மேடைத் தராசு வாங்கி வந்தார். மேடையில் மூட்டையை வைத்து, மேலே கம்பியில் குண்டை நகர்த்தி எடை பார்க்கிற தராசு. வெறும் சாக்கே அறுநூறு கிராம் இருக்கும். அதைக் கழித்துவிட்டு நெல்லை மட்டும் காட்டட்டும் என்று கம்பி நுனியில் ஒரு வாஷரைக் கட்டித் தொங்கவிட்டார். கூடவே முத்திரை போட்ட பத்து கிலோ எடைக்கல் ஒன்றும் வாங்கினார். வியாபாரி எவன் தராசு கொண்டுவந்தாலும் அந்தக் கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டையைத் தொட விடுவார்.

"பேட்டரி போட்டதெல்லாம் பொய் சொல்லும். இரும்பு சொல்லாது" என்பார்.

எங்கள் மகள் குந்தவை வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்து தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். குத்துச்சண்டை ஆடுகிறாள். அவள் ஆடுவது நாற்பத்தெட்டு கிலோ பிரிவு. அதற்கு மேல் ஐம்பது கிராம் இருந்தாலும் மேடையேற விடமாட்டார்கள். இந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு அந்தப் பிரிவில் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷமாக அவள் காத்திருந்தது அந்த இடத்துக்குத்தான்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கோச் புகழேந்தி போன் செய்தார். "அம்மா, பாப்பா கிட்டத்தட்ட அரை கிலோ கூட இருக்கு. ராத்திரி சோத்தக் கொஞ்சம் குறைங்க."

மறுநாள் காலையில் இவர் குந்தவையை நெல் தராசில் ஏற்றிப் பார்த்தார். நாற்பத்தேழு எண்ணூறு. இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார். அதே நாற்பத்தேழு எண்ணூறு.

"பாத்தியா, நான் சொல்லல? அவன் மிஷின்ல ஏதோ பண்ணி வச்சிருக்கான்" என்றார். "அவன்கிட்ட அதே பிரிவுல செவ்வந்தின்னு இன்னொரு பொண்ணு ஆடுதுல்ல, அது எந்த ஊரு தெரியுமா? திருத்துறைப்பூண்டி. அவன் பொண்டாட்டிக்கும் அதே ஊருதான். விசாரிச்சுட்டேன். நம்ம புள்ளையப் பட்டினி போட்டுக் கால் நடுங்க வச்சுட்டு அந்தப் பொண்ணை அனுப்பப் பாக்குறான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பினேன். அந்த கோச் பல் தெரியாமல் சிரிப்பார். அதுவரைக்கும் நல்ல மனுஷராகத் தெரிந்தவர் அதன்பிறகு எனக்குக் கள்ளனாகத் தெரிந்தார்.

எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பிய மனுஷரைக் குந்தவைதான் மறித்தாள். "அங்க கல்லோட வந்து நின்னீங்கன்னா நான் ஆடுறதையே விட்டுருவேன்ப்பா." அதனால் தினமும் விடியற்காலையில் வீட்டிலேயே எடை நடந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். குறைந்திருந்தால் எனக்கு உத்தரவு வரும், இன்னொரு முட்டை அவித்துக் கொடு என்று. கொடுத்தேன். கோச் திட்டத் திட்ட, என் பெண் அப்பாவை நம்பிச் சாப்பிட்டாள்.

தேர்வு அன்று காலை வீட்டுத் தராசு சரியாக நாற்பத்தெட்டு காட்டியது. இவர் எடைக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டார். குந்தவை அதைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். பெண்களுக்கு எடை பார்க்கிற அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் பையை என்னிடம் தந்து அனுப்பினார்.

உள்ளே குந்தவை தராசில் ஏறினாள். நாற்பத்தெட்டு அறுநூறு.

"இந்தத் தராசு சரியில்லைங்க" என்று எடை பார்த்த அதிகாரி அம்மாளிடம் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "சோதிச்சுப் பாத்துக்குங்கம்மா" என்றார். பையைத் திறந்து கல்லை நானே தூக்கி வைத்தேன். பத்து கிலோ. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு மணி நேரம் தருகிறோம், குறைத்துக்கொண்டு வரட்டும் என்றார்கள்.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன்.

"எவ்வளவு கூடன்னு சொன்ன?"

"அறுநூறு கிராம்."

மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சாக்குடி" என்றார். "அந்த வாஷரை நான் அவுக்கவே இல்ல."

இரண்டு மாதமாக என் மகளை நெல் மூட்டையாக எடை போட்டிருக்கிறார். ஊரார் தராசையெல்லாம் சோதித்தவர் தன் தராசில் அந்தக் கல்லை ஒரு நாளும் வைத்துப் பார்க்கவில்லை. அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட, அவித்துக் கொடுத்த முட்டைகளை நினைத்து என் மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம்.

புகழேந்தி எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. தன்னுடைய மழைக்கோட்டைக் குந்தவைக்கு மாட்டிவிட்டு வெயிலில் கயிறு தாண்ட விட்டார். பக்கத்திலேயே நின்று அவரும் வியர்த்தார். ஒரு மணி நேரம் கழித்து நாற்பத்தெட்டு நூற்றைம்பது. கதவை அடைத்துவிட்டார்கள். மாநிலப் போட்டிக்குச் செவ்வந்தி போனாள்.

பஸ்ஸில் இவர் ஒரு வாழைப்பழத்தை உரித்து மகளிடம் நீட்டினார். "எடை போட்டுட்டுக் குடுங்கப்பா" என்றாள். அவர் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தார்.

மறுநாள் கல்லோடு தஞ்சாவூருக்குப் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். கோச்சுடைய தராசில் கல்லை வைத்து, பத்து காட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். மன்னிப்புக் கேட்பதற்கும் அவருக்குச் சோதனை வேண்டியிருக்கிறது.

குந்தவை மறுபடி ஆடுகிறாள். அடுத்த தேர்வு தை மாதம். வாஷரை அறுத்து எறிந்தாயிற்று, ஆனாலும் அவள் அந்தத் தராசில் ஏறுவதில்லை. எடை எவ்வளவு என்று அவரிடம் சொல்வதும் இல்லை. அவர் தினமும் அடுப்படி வாசலில் வந்து நின்று என்னைத்தான் கேட்கிறார்.

"எவ்வளவு இருக்காளாம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்பேன்.

நம்பாமல் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். அவர் சந்தேகப்பட்டதில் சரியாக இருப்பது இது ஒன்றுதான். நாற்பத்தேழு தொள்ளாயிரம். சொல்ல மாட்டேன்.