நூலகத்துக்குப் பிணைக்கு ஆள் தேடிய கதை

2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிட்னிக்குத் தெற்கே இருக்கிற ஹெலன்ஸ்பர்க் கோயிலில் இருந்து கிரவீனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டோம். முப்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையில் இருந்து படகில் வந்து, அகதிகள் தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டில் ஐந்து பேரோடு இருந்தார். பின்சீற்றில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் இருப்பவர் மாதிரி இருந்தார். காடு முடிந்து பெருந்தெரு வந்ததும் வாயைத் திறந்தார்.

“அக்கா, நீங்கள் ஊரில லைப்ரேறியனா இருந்தனீங்கள் எண்டு சொன்னவை. எனக்கு ஒரு பிணைக் கையெழுத்து வேணும்.”

விஷயம் இதுதான். முகாமில் யாரோ கொண்டுவந்து வைத்த தமிழ் நாவல் ஒன்றைப் பாதிவரை வாசித்திருக்கிறார். அதற்குள் அவரை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். புத்தகம் அங்கேயே நின்றுவிட்டது. கதாநாயகியின் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எட்டு மாதம். போன கிழமை எங்கள் பக்கத்து நகரசபை நூலகத்தின் தமிழ் அலுமாரியில் அதே புத்தகத்தைக் கண்டிருக்கிறார். வேலை முடிந்து போய் இருந்து வாசிப்போம் என்றால் அதற்குள் பூட்டிவிடுகிறார்கள். இரவல் எடுக்க அட்டை வேண்டும். அட்டைக்குப் பிணை வேண்டும்.

பிணை வேண்டும் என்று நூலகத்தில் யாராவது சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. நூலகம் என்றால் பிணை வேண்டும்தானே! ஒன்பது வருடம் இலங்கையின் வடக்கில் ஒரு சிறிய ஊரின் பிரதேச சபை நூலகத்தை நடத்தியவள் நான். “உறுப்பினராக விரும்புவோர் ஆதனவரி செலுத்தும் ஒருவரின் பிணைக் கையெழுத்தைச் சமர்ப்பித்தல் வேண்டும்.” என் மேசைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய, விதிகள் எழுதிய காகித மட்டையின் முதலாவது வரி அது. ஆதனவரி என்றால் சொந்த வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுகிற வரி. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வாசகத்தை ஒப்புவிப்பேன்.

காரை ஓட்டிய என் கணவர் ஒருக்கால் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். “பாப்பம் தம்பி” என்றேன். எங்கள் ஆட்கள் “பாப்பம்” என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் கணவர் தொடங்கிவிட்டார். “கையெழுத்து வைச்சுப் போடாதையும். நாளைக்கு அந்தப் பெடியன்ர கேஸில ஏதும் வில்லங்கம் எண்டால் எங்கட சிற்றிசன்ஷிப்பையும் கிண்டுவாங்கள்.”

“ஒரு கதைப் புத்தகத்துக்கோ?”

“கதைப் புத்தகமோ கறிச்சட்டியோ, கையெழுத்து கையெழுத்துத்தான்.”

சிரித்தேன். ஆனால் பயந்தும் போனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த மூன்று கிழமையும் அந்த மனிதருக்கு ஒளித்துத் திரிந்தேன். பென்டில் ஹில் தமிழ்க் கடையில் பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவரைக் கண்டதும் மறுபக்கத்தால் வெளியே வந்துவிட்டேன். வாங்கப் போன மிளகாய்த்தூளை வாங்கவில்லை. அன்றிரவு வைத்த குழம்பு வெள்ளையாக இருந்தது. என் கணவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார். காரணம் அவருக்கு விளங்கியிருக்கும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பிள்ளையின் ஞாபகம் அடிக்கடி வந்தது. போரில் இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தில் ஒருத்தி. பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறவள். உயிரியல் புத்தகம் ஒன்றை இரண்டு நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டாள். பிணைக்கு ஆள் இருக்கா என்று கேட்டேன். “எங்கட ஊரில எல்லாரும் வரி கட்டினவைதான் அன்ரி. இஞ்ச எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது” என்றாள். மட்டையைக் காட்டினேன். அவள் அதை முழுக்க வாசித்தாள். நான்கைந்து நாள் நின்றபடியே ஏதோ பார்த்து எழுதினாள். பிறகு வரவில்லை. சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நாலாவது சனிக்கிழமை அந்தத் தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். “தம்பி, வெளிக்கிடும், லைப்ரேறிக்குப் போட்டு வருவம்.” கணவரிடம் மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

தம்பி கொப்பி ஒற்றையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிணைப் பத்திரமே எழுதி வைத்திருந்தார். நான் கையெழுத்து வைக்க ஒரு கோடு. போதாதென்றால் இன்னும் இரண்டு பேருக்கு இரண்டு கோடு. நூலக மேசையில் இருந்த நரைத்தலைப் பெண்மணி அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இது எதற்கு என்று கேட்டார். நான் விளக்கினேன். புத்தகம் தொலைந்தால் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டுமே, நான் ஏற்கிறேன் என்றேன். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இந்த ஊரில்தானே இருக்கிறார், பிறகென்ன என்றார். விலாசத்துக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் போதும்.

அதுவும் இல்லை. வாடகை, கரண்ட் எல்லாம் வேறொருவர் பெயரில். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி மேசை லாச்சியைத் திறந்து ஒரு தபாலட்டையை எடுத்தார். தம்பியின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதினார். இது வீட்டுக்கு வந்ததும் கொண்டுவாருங்கள், அதுதான் ஆதாரம் என்றார்.

செவ்வாய்க்கிழமை தபாலட்டை வந்தது. புதன்கிழமை தம்பி வேலைக்குப் போகாமல் நின்று நூலக அட்டையையும் நாவலையும் எடுத்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தபாலட்டையை நூலகத்தில் திருப்பிக் கேட்டு வாங்கி வந்திருந்தார். “இமிகிரேசன் அனுப்பாமல் எனக்கு வந்த முதல் கடிதம் அக்கா” என்றார். என் கணவர் எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த விதியை வைத்து அந்தப் பெண்மணி அப்படி நம்பினார்? மறுபடி போய்க் கேட்டேன். நல்ல குணமா, சட்டமா? சட்டம் என்றார், கணினியில் எடுத்தும் காட்டினார். இந்த மாநிலத்துக்கென்று ஒரு நூலகச் சட்டம். என் அம்மா பிறப்பதற்கும் முந்தியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாசித்தேன். யாரும் உள்ளே வந்து இலவசமாக வாசிக்கலாம். ஊரில் குடியிருப்பவர் உறுப்பினராகலாம், இலவசமாக இரவல் எடுக்கலாம். சட்டம் என்றால் வாசகரைக் கட்டிப்போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது சபையை அல்லவா கட்டிப்போடுகிறது!

அப்படியானால் எங்களுடைய விதி எந்தச் சட்டத்தில் இருந்து வந்தது? கொழும்பில் எந்தப் பெரிய மனிதர் எழுதினார்? ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது எனக்கு உதவியாளராக இருந்தவள்தான் இப்போது அங்கே நூலகர். “அந்தப் பிணை விதிக்குச் சுற்றறிக்கை ஏதும் இருக்கோ எண்டு ஒருக்காத் தேடிப் பார் பிள்ளை” என்றேன். “ஓம் அக்கா, பாக்கிறன்” என்றாள்.

இரண்டு கிழமை கழித்து அவளே எடுத்தாள்.

“அக்கா, கோப்பெல்லாம் கிண்டிப் பாத்திட்டன். ஒண்டும் இல்லை. கடைசியில மட்டையைக் கழட்டிப் பின்பக்கம் பாத்தன். கலண்டர் மட்டை. நீங்கள் வேலைக்கு வந்த வருசத்துக் கலண்டர்.” பிறகு சொன்னாள். “எழுத்து உங்கடதானே அக்கா.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலைக்குப் போன முதல் கிழமை. என்ன விதி என்று சபைச் செயலாளரிடம் கேட்டேன். “பக்கத்துச் சபையில என்ன செய்யினமோ அதைச் செய்யும்” என்றார். சைக்கிளில் போய் அங்கே தொங்கியதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். அங்கே இருந்தது, தெரிந்தவர் ஒருவரின் அறிமுகம் என்றுதான். தொலைகிற புத்தகம் என் தலையில் விழும் என்ற பயத்தில் ஆதனவரியும் பிணையும் நான் சேர்த்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் சாமியே இருக்கவில்லை. பூசாரி நான்தான்.

“அதைக் கிழிச்செறி பிள்ளை” என்றேன்.

“கிழிக்கலாம் அக்கா. பிறகு கணக்காய்வுக்கு வாறவை எந்த விதியில குடுத்தனீ எண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது? உங்களுக்கு அங்க சட்டம் இருக்கு. எனக்கு நீங்கள் எழுதின மட்டைதான் இருக்கு.”

“இப்ப மட்டை எங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“திரும்பக் கொழுவிட்டன் அக்கா, பழைய ஆணியிலயே.”

அந்த ஆணியை அடித்ததும் நான்தான்.