அப்பா ஊற்றிய பிளீச்

எங்கள் வகுப்பறைத் தொட்டியில் ட்ரவுட் மீன் முட்டைகளைக் குஞ்சாக்கி, பங்குனியில், நாங்கள் குடிவந்த வெளிநாட்டு ஊரில் ஓடும் வாண்டில் என்ற ஆற்றில் கொண்டுபோய் விட்டோம். முன்பு செத்துக் கிடந்த ஆறாம் அது. சட்டன் என்ற எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் இறங்கிக் குப்பை அள்ளி, கரை திருத்தி மீட்டிருந்தார்கள். மீனைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு மட்டும் எட்டு வயதுக்காரரான எங்களிடம் வந்தது. என் கோப்பையில் ஐந்து குஞ்சுகள். ஐந்துக்கும் என் சித்திமாரின் பெயர்களை வைத்துத்தான் விட்டேன்.

சித்திரை வருசத்துக்கு முதல் நாள் அம்மா வீட்டைத் தலைகீழாக்கினார். "வருசம் பிறக்கேக்க வாசல் பளிச்செண்டு கிடக்கவேணும்" என்று அப்பாவை வெளியே துரத்தினார். அப்பாவிடம் ஒரு வேலை கொடுத்தால் மூன்று பேரின் வேலையாகச் செய்வார். பாசி பிடித்த கல்தளத்தில் நாலு பெரிய போத்தல் பிளீச்சையும் கவிழ்த்துத் தேய்த்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்தவள் நான். நுரையெல்லாம் மழைத்தண்ணீர் வடிந்தோடும் தெருவோரக் கானின் கம்பிகளுக்குள் இறங்கிப் போனது. போன ஊத்தை எங்கே போனதென்று யார் கேட்டார்கள்?

பின்னேரம் சித்திமாரைக் காட்ட அப்பாவை ஆற்றுக்கு இழுத்துப் போனேன். கரையில் ஒரு குழாய் வாயருகே சின்னச் சின்ன மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. அங்கே எங்கள் வாசலின் மணம் அடித்தது.

ஆற்றைப் பராமரிக்கிறவர்களின் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். தெருக் கானில் ஊற்றுவது நேரே ஆற்றுக்குத்தான் வருகிறது, யாரோ பிளீச் ஊற்றியிருக்கிறார்கள் என்றாள். "எங்கட அப்பாதான்!" என்று கத்தினேன். அவளுக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் கத்தினேன்.

அப்பா மறுக்கவில்லை. அவள் கேட்டதும் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "கேஸ் முடியேல்லை. இதைச் சாட்டி எங்களைத் திருப்பி அனுப்பினா?"

"பிள்ளை உண்மையைத்தானே சொன்னவள். அவளை ஒண்டும் சொல்லாதையும்" என்றார் அப்பா.

எங்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. அது என்னவென்றே எனக்குத் தெரியாது. மீனைக் கொன்றவரோடு பேசுவதில்லை என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வருசத்தன்று காலை அழைப்பு மணி அடித்தது. அப்பா கோட்டும் சப்பாத்தும் போட்டு, இரவே அடுக்கி வைத்திருந்த உடுப்புப் பையோடு போய்க் கதவைத் திறந்தார். அதே பெண். கையில் மஞ்சள் பெயின்ற் தகரம். இனி யாரும் ஊற்றாதபடி தெருக் கான்களுக்குப் பக்கத்தில் மீன் படம் கீறப் போகிறாளாம், அப்பா உதவிக்கு வருவாரா என்று கேட்டாள்.

அப்பா அப்படியே வாசற்படியில் குந்தி விம்மி விம்மி அழுதார். என் மீன்களுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, நான் அவரை மன்னித்துவிட்டேன்.