நீலப் பை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பைக்கடையில் நிற்கிறோம். என் நாத்தனார் கவிதா நர்ஸ் வேலைக்காக அடுத்த வாரம் அயர்லாந்து போகிறாள். அங்கே ஊர் சுற்ற, மடித்துப் பெட்டியில் வைக்கிற மாதிரி லேசான முதுகுப்பை ஒன்று வேண்டுமாம். "நீங்கதான் அண்ணி பாத்து எடுக்கணும்" என்று என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்திருக்கிறாள். நியாயம்தான். இந்த மாதிரிப் பைகளைப் பற்றி எட்டு வருடமாக வீடியோ பார்க்கிறவள் நான். என் பாஸ்போர்ட்டுக்கும் எட்டு வயது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

கடைக்காரர் நீலப் பை ஒன்றை அதன் உள்பைக்குள்ளேயே திணித்து, சாத்துக்குடி அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறார். கையில் எடையே தெரியவில்லை. ஜிப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. விரித்து மாட்டிக்கொண்டு கவிதா கண்ணாடி முன் திரும்புகிறாள். இப்போதே விமான நிலையத்தில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

"தையல் சரியில்ல கவிதா. அந்தக் கறுப்ப எடுத்துக்கோ."

"இன்னாங்க இப்படி சொல்றீங்க? வெளிநாடு போறவங்கல்லாம் இதத்தான் வாங்கிக்கினு போறாங்க" என்கிறார் கடைக்காரர்.

"எங்க அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க."

கனமான கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு, போன் பேச வெளியே போகிறாள் கவிதா. நான் குரலைத் தாழ்த்துகிறேன்.

"அந்த நீலத்தையும் ஒரு கவர்ல போடுங்க."

"தையல் சரியில்லன்னீங்களே?"

"நான் எங்க போகப்போறேன்? நாளைக்கு இதோ பக்கத்துல இருக்கிற கல்வராயன் மலைக்குத்தான் போறோம். அதுவரைக்கும் தாங்கும்."