அண்ணன் இளைத்த காலம்

என் அண்ணன் இடுப்பில் ஒரு வெள்ளி அரைஞாண் கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ஆசாரியைக் கூப்பிட்டு அதில் புதுக் கண்ணிகள் சேர்த்தார்கள். அவ்வளவு வேகமாகப் பருத்தார் மனிதர். அப்போது ரயில் பாதை பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளைக் கடைவீதிக்கு அரிசியும் கருவாடும் மாட்டுவண்டியில்தான் வரும். எங்கள் சாதிசனத்தில் தொந்தி இல்லாதவனை யாரும் முதலாளி என்று மதிப்பதில்லை. புருஷன் பூரித்திருந்தால் பெண்டாட்டி கைராசிக்காரி. அந்தக் கணக்கில் எங்கள் அண்ணிக்குப் பதுளையில் நிகர் கிடையாது. பந்தியில் அவர் நெய்க்கிண்ணத்தோடு வந்து நின்றால் இலையை மூடிக்கொண்டு எழுந்திருக்க யாராலும் முடியாது.

அண்ணன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கண்டது நான்தான். காலில் செருப்புக் கடித்த புண்ணும் ஆறாமல் கிடந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஒருவர் எங்கள் மளிகைக் கடையில் சாமான் வாங்குவார். அவர் புண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நீரிழிவுங்க முதலாளி. எங்கிட்ட இதுக்கு மருந்து கிடையாது. வாயைக் கட்டுங்க, நல்லா நடங்க. இல்லாட்டி காலை எடுக்கும், அப்புறம் உசிரையும் எடுக்கும்."

அண்ணன் பயந்துதான் தொடங்கினார். ஆனால் அதில் அவருக்கு ஒரு ருசி விழுந்துவிட்டது. சோற்றைக் குறைத்துக் குரக்கன் என்கிற கேழ்வரகுக் களியும் வல்லாரையும் பாகற்காயும் என்று ஆனார். இனிப்பும் நெய்யும் அறவே இல்லை. விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்து ரோட்டில் நடப்பார். கொழுந்து பறிக்கக் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் பெண்கள் கூடையோடு நின்று, "முதலாளி, வண்டி மாடு செத்துப் போச்சுங்களா?" என்று கேலி செய்வார்கள். "மாடு நல்லா இருக்கு தாயி, நான்தான் சாகாம இருக்கப் பாக்குறேன்" என்பார் அவர். சில மாதத்தில் புண் காய்ந்தது. அரைஞாண் நழுவியது. கண்ணிகளைக் கழற்ற வந்த ஆசாரி, "கழட்டுற கூலியும் அதே கூலிதாங்க" என்று சிரித்தார். மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி, என்னைத் திரும்பிப் பார்த்து "வாடா கிழவா" என்று கூப்பிடுவார். அவரை நான் அத்தனை சந்தோஷமாகப் பார்த்தது அந்தக் காலத்தில் மட்டும்தான்.

அப்படியிருக்கும்போது, அம்மா இருந்த இந்திய ஊரிலிருந்து எங்கள் அத்தை வந்து இறங்கினார். வாசலில் அண்ணனைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டார். "எம் மருமவன உருக்கி எடுத்துட்டாளே! இதை ஒங்க ஆத்தாகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்று தெருவே திரும்பிப் பார்க்க அழுதார். நோயைப் பற்றி அண்ணன் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த பெண்களும் அண்ணியிடம் இதே பேச்சைத்தான் பேசினார்கள். வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் களிக்குள் நெய் புகுந்தது. பிறகு கஞ்சியில் கருப்பட்டி. நான் கண்டு கேட்டதற்கு, "புண்ணுதான் ஆறிப்போச்சே தம்பி! நல்லா இருக்குற மனுசனுக்குக் கொஞ்சம் நெய் என்ன செஞ்சிடப் போவுது? எத்தனை பேருக்கு நான் பதில் சொல்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதை அப்படியே விடாமல் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். காலை நடையில் இருந்த அவர் நிற்காமலே சொன்னார்: "தெரியும்டா. முதல் வாயிலேயே தெரிஞ்சுது. வேணாம்னு நான் தட்டைத் தள்ளினா அவ செத்துருவா." அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை.

மழைக்காலம் வந்தபோது நடையும் நின்றது. கன்னங்கள் மறுபடி உப்பின. அண்ணியும் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போனார். ஆறிய புண் திறந்து, கால் கறுத்து, ஒரு மாதம் பாயில் கிடந்து அண்ணன் போய்விட்டார். போன அன்று அவர் முகம் நீர் கோத்து வீங்கியிருந்தது.

இப்போது எனக்கு அவரைவிட வயதாகிவிட்டது. அதே ரோட்டில் தினமும் நடக்கிறேன். வழியில் என்னை யாரும் கேலி செய்வதில்லை, ஆஸ்பத்திரி டாக்டர்களே நடக்கச் சொல்கிறார்கள். அண்ணியின் மேல் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. எழவு வீட்டில் கேட்டது குறுக்கே வந்துவிடுகிறது.

சுற்றி உட்கார்ந்து அழுத பெண்களில் ஒருத்தி அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்படிப் பூரிச்சுக் கெடக்காரு பாருங்கடி. நல்லாத்தான் வச்சிருந்தே தாயி" என்றாள். அண்ணி அழுகையை நிறுத்தினார். அந்த வீங்கிய கன்னத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே, "ஆமாங்க்கா, கடைசி வரைக்கும் அவரு தட்டுல நான் ஒரு கொறையும் வைக்கல" என்றார். பெண்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.